புதன் மாலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

கேள்வி: களியக்காவிளை அருகே எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மரியாயின் சேனை (Legion of Mary) என்ற பக்த அமைப்பின் பிரசீடியத்துக்கு, அதாவது பங்கு அளவிலான குழுவுக்கு, நான் தலைவி. பதினோரு பேர் இருக்கிறோம், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். புதன் மாலை நாலு மணிக்குக் கூட்டம். திருப்பலி முடிவில் எத்தனையோ முறை அறிவித்தும் ஒரு பிள்ளையும் வரவில்லை. படிப்புக்குத் திருவனந்தபுரம், வேலைக்கு வளைகுடா என்று போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, அறிவிப்பை முதலில் நிறுத்துங்கள். பொதுவாகக் கூப்பிட்டால் அது அடுத்தவருக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவும் கூட்டத்துக்கு அல்ல. "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டியைப் பாக்கப் போறேன், படுத்த படுக்கையா கெடக்கா. துணைக்கு வாறியா மக்களே?" என்று கேளுங்கள். இதற்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் பிராங்க் டஃப் இந்தச் சேனையைத் தொடங்கியபோது கூடியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஏழை நோயாளிகளை இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை. ஜெபமாலையும் ஆன்மீக வாசிப்பும் அந்த வேலைக்குப் பலம் தந்தன. நம் பங்குகள் பலவற்றில் வேலை சுருங்கிப்போய்க் கூட்டம் மட்டும் மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். போன வாரம் யார் வீட்டுக்குப் போனோம் என்று சொல்ல ஒன்றுமில்லாத கூட்டத்தில் இருபது வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

நாலைந்து சந்திப்புக்குப் பிறகு கூட்டத்துக்கு அழையுங்கள். ஆனால் புதன் நாலு மணி ஆகாது. கல்லூரிப் பிள்ளைகள் ஊரில் இருப்பது சனி, ஞாயிறுதான். நேரத்தை மாற்றுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். புதியவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் பயிற்சிக் காலம் இருக்கிறது, அதற்கு முன் முழு உறுப்பினராகச் சேர எடுக்கும் வாக்குறுதிக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்குத் தனியாக இளையோர் பிரசீடியம் தொடங்கலாம். பொறுப்புக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்த வீட்டுக்கும் கூட்டிப் போகாதீர்கள்.

வளைகுடாவில் நர்ஸாக இருக்கிற பிள்ளைகளைத் துணை உறுப்பினராக்குங்கள். தினமும் ஜெபமாலையும் சேனை ஜெபங்களும் சொன்னால் போதும், கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை. விடுமுறையில் வரும்போது ஒரு சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள்.

நட்டாலம் உங்களுக்குப் பக்கம்தானே. அந்த ஊரில் பிறந்து, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல, மணமான பொதுநிலையினர். பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். பிரசீடியத்தில் ஒரு பொறுப்புக்கு மூன்று ஆண்டு, மறுபடி ஒருமுறை நீட்டித்தால் தொடர்ந்து ஆறு ஆண்டு, அவ்வளவுதான். பல இடங்களில் இது மறந்தே போய்விட்டது. வருகிற பிள்ளைகளை நாற்காலி போடவும் மைக் கட்டவும் மட்டும் வைத்திருந்தால் திருவிழாவோடு போய்விடுவார்கள். வாக்குறுதி எடுத்தவர்களில் ஒருவரைச் செயலராக நியமிக்கும்படி, பிரசீடியங்களுக்கு மேலே இருக்கிற கூரியாவிடம் கேளுங்கள். முதல் சில மாதம் அறிக்கை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.