பெஞ்ச்மார்க் மதிப்பெண் கூடினால் ஓவர்கிளாக் சரியாக அமைந்துவிட்டது என்று பொருளா?

ஓவர்கிளாக் செய்ய, அதாவது செயலியை (சிப்பை) அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைக்க உதவும் மென்பொருளான இன்டெல் எக்ஸ்ட்ரீம் டியூனிங் யுடிலிட்டியிலேயே உள்ள பெஞ்ச்மார்க்கில் (வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் சோதனையில்) மதிப்பெண் உயர்ந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. செயலியின் அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸை 45 என்ற பெருக்கியால் பெருக்கினால், அதன் வேகமாக 4.5 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. பெருக்கியை 48 ஆக்கி, அதற்காக மின்னழுத்தத்தையும் கூட்டினால், மின்நுகர்வு ஏறக்குறைய மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், சிப் அளவுக்கு மீறிச் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடும். அப்போது திரையில் 'தெர்மல் த்ராட்லிங்' என்பதற்கு எதிரே 'நோ' என்றிருந்தது 'யெஸ்' என மாறும். என்னைக் கேட்டால், மதிப்பெண்ணுக்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பெஞ்ச்மார்க் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால், நீண்ட நேரச் சுமையில் சிப் நிலையாக ஓடுமா என்பதை அது காட்டாது; அதே மென்பொருளின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை (சிப்புக்குத் தொடர்ந்து கடும் சுமை கொடுக்கும் சோதனையை) சில மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

ஓவர்கிளாக் செய்பவர்கள் எச்டபிள்யூபாட் என்ற இணையதளத்தில் பகிரும் மதிப்பெண்களில், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றிப் பெற்றவையும் உள்ளன. ஆகவே, அதே சிப்பும் அதே வகைக் குளிர்விப்பும் கொண்டவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.