தகர டப்பாவில் கிடைத்த தோட்டா என் ரிவால்வருக்கு ஆகுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். லைசன்ஸ் உள்ள 38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறேன். மாமனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் காலமான பிறகு அலமாரியைக் காலி செய்தபோது ஒரு தகர டப்பாவில் பழைய தோட்டாக்கள் கிடைத்தன. என்னுடையதைவிடக் குட்டை, அடியில் 380 என்று பதிந்திருக்கிறது. தெரிந்த ஒருவர், “38 எல்லாம் ஒண்ணுதான், போட்டுச் சுடலாம். வேணும்னா 357 எடுத்துத் தரேன், அது இன்னும் பவரு” என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. டப்பாவில் இருப்பதைப் போடாதீர்கள், அந்த ஆள் தருவதை வாங்காதீர்கள். காரணம் கேட்காமல் இதோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அவர் நாளைக்கும் வந்து உங்கள் வாசலில் உட்காருவார். பதில் சொல்ல உங்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

டப்பாவில் இருப்பது பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வருக்கான தோட்டா. உங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்ஃபில், ஃபின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் துப்பாக்கி நடமாட்டம் சாதாரணம். என்ஃபீல்டு, வெப்லி ரிவால்வர்கள் சுட்டது இந்த 380 தோட்டாவைத்தான். 38 எஸ் அண்டு டபிள்யூ (ஸ்மித் அண்டு வெஸ்ஸன்) என்று அமெரிக்கர்கள் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது.

உங்கள் 38 ஸ்பெஷல் வேறு குடும்பம். அதன் பித்தளை உறை சுமார் 29 மில்லிமீட்டர் நீளம்; டப்பாவில் உள்ளது சுமார் 20தான். குட்டையாக இருந்தாலும் இது கொஞ்சம் தடிமன், ஈயக்குண்டும் கொஞ்சம் பருமன். அதனால் பெரும்பாலும் உங்கள் சிலிண்டருக்குள், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளைக்குள், முழுசாக இறங்காது. “லேசாகத் தட்டினால் போய்விடும்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இறங்காத தோட்டாவைத் தட்டி இறக்குவது கை போகிற வேலை. அத்தனை வருஷம் தகரத்தில் கிடந்த மருந்தும், அதைப் பற்றவைக்கும் கேப்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது 357. இதில்தான் அந்த ஆள் பாதி உண்மையைச் சொல்லி முழுசாக ஏமாற்றுகிறார். 357 மேக்னமும் 38 ஸ்பெஷலும் ஒரே பருமன், உண்மைதான். 357 துப்பாக்கியில் 38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், அதுவும் உண்மை. திருப்பிப் போட்டால் மட்டும் ஆகாது. 357 உறை மூன்றரை மில்லிமீட்டர் நீளம் கூட. உங்கள் ரிவால்வரில் நுழைத்தால் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், சிலிண்டர் மூடாது. அந்த நீளத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். 38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தர நிர்ணயத்தில் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு); 357க்கு 35,000. இரண்டு மடங்கைத் தாங்க உங்கள் சிலிண்டர் செய்யப்படவில்லை.

இங்கேதான் பட்டறைக்காரன் வருகிறான். “மூடலையா? சேம்பரைக் கொஞ்சம் கடைஞ்சு விட்டா சரியாயிடும்” என்பான். சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைதான் சேம்பர். கடைந்தால் மூடும். சுடும்போது சிலிண்டர் வெடித்துக் கையில் வரலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியில் கை வைப்பவனிடம் கொடுத்ததற்காக உங்கள் லைசன்ஸும் போகலாம். தோட்டா விற்கிற ஆளும் கடைகிற ஆளும் பெரும்பாலும் பங்காளிகள். ஒருவன் சிக்கலை உண்டாக்குவான், மற்றவன் தீர்த்து வைப்பான், இரண்டு பேருக்கும் காசு கொடுப்பது நீங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் பலரைக் கவிழ்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி பிரிட்டிஷ்காரர்களுக்காக விக்டரி என்ற ரிவால்வரைச் செய்து கொடுத்தது. அது 380 தோட்டாவுக்கானது. போர் முடிந்ததும் வியாபாரிகள் அவற்றில் நிறைய வாங்கி, சேம்பரைக் கடைந்து 38 ஸ்பெஷல் போகும்படி செய்து விற்றார்கள். அந்தத் துப்பாக்கியில் இரண்டு வகைத் தோட்டாவும் உள்ளே போகும். “பார்த்தியா, ரெண்டும் போகுது” என்று காட்டுவார்கள். போகும், சரி. ஆனால் சேம்பரின் பின்பாதி முன்பே அகலமாக இருந்தது, கடைந்ததால் குறுகிவிடுமா? 38 ஸ்பெஷல் உறை அதில் தொளதொளவென்று உட்கார்ந்து, சுட்டதும் அடியில் உப்பும், சில சமயம் பிளக்கும். அப்படி உப்பிய உறையைப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் தெரியும், அதற்குக் கீழே மட்டும் வயிறு தள்ளியிருக்கும். ஆகவே அந்த விதிவிலக்கிலும் நல்ல சேதி எதுவும் இல்லை. உங்களுடையது அந்த ரகமா என்று சந்தேகம் இருந்தால் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் சேம்பரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி டப்பாவை என்ன செய்வது? லைசன்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. மாமனாரிடம் உரிமம் இருந்திருந்தாலும் அது மருமகனுக்கு வராது. 1960 ஆயுதச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே ஏழு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரியவர்கள் இதையெல்லாம் ஏன் ஒளித்து வைத்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்த காலத்தில் தோட்டாவுக்கே தூக்கு விதிக்க முடிந்தது. அந்தச் சட்டம் 2012இல் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. டப்பாவை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கிளம்பாதீர்கள். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் விளக்கம் சொல்லி மாளாது. முதலில் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். எடுத்ததற்கு எழுத்தில் ஒரு ரசீது வாங்குங்கள். ஆற்றில் எறிவது, குப்பையில் கொளுத்துவது, வாழைக்கொல்லையில் புதைப்பது, எதுவும் வேண்டாம்.

பாலாய் கவுண்டரில் இருப்பவர் உங்களை நாலு மேசைக்கு அலைய விடக்கூடும். ஓராங் தெங்கா என்கிற இந்த இடைத்தரகர் கூட்டம் பிழைப்பதே அந்த அலைச்சலால்தான். நேர்வழியில் போகிறவனுக்கு மூன்று முறை “நாளைக்கு வா”, குறுக்குவழிக்காரனுக்கு அன்றைக்கே வேலை முடியும் என்றால் ஜனங்கள் எந்தப் பக்கம் போவார்கள்? பெர்மிட் படிவங்களில் காலிபர் (தோட்டா அளவு) என்ற கட்டத்தில் வெறும் 38 என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். எந்த 38 என்று கேட்டால் முறைப்பு.

அடுத்த முறை தோட்டாவுக்குப் பெர்மிட் எடுக்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ‘38 ஸ்பெஷல்’ என்று முழுசாக இருக்க வேண்டும். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் ஒரு தோட்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்து, ரிவால்வர் குழலில் பதிந்திருப்பதும் அதுவும் 38 ஸ்பெஷலையே குறிக்கின்றனவா என்று சரிபாருங்கள். 380 ஆட்டோ என்று இருந்தால் அது பிஸ்டல் தோட்டா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.