கணக்கு வராத பெரியவர்களுக்கு: கேள்வி பதில்

கடை, வட்டி, மொய் என்று கணக்கோடு வாழ்கிற ஊர்கள் நம் செட்டிநாட்டு ஊர்கள். இங்கே கணக்கு வராமல் வளர்ந்தவர்கள் படுகிற பாடு பெரிது. காரைக்குடியில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். எண்ணும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். பெரியவர்கள் கேட்ட சில கேள்விகளுக்குப் பதில் இதோ.

அண்ணன் கடையில் கல்லாவில் உட்காருகிறேன், வயது 34. 365 ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் கை நடுங்குகிறது. இது டிஸ்கால்குலியாவா, வெறும் பயமா? (தேவகோட்டை)

பயம் மட்டும் என்றால், ஆள் இல்லாத நேரத்தில் நிதானமாகப் போட்டால் கணக்கு வந்துவிடும். டிஸ்கால்குலியா உள்ளவர்களுக்கு அப்போதும் தடுமாறும். நாலு எலுமிச்சை கிடந்தால் மற்றவர்கள் பார்த்ததுமே நாலு என்பார்கள். இவர்களில் பலர் ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்வார்கள். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் இந்த வயதிலும் விரல்தான். 47 பலமுறை 74 ஆகிவிடும், முள் கடிகாரம் குழப்பும். இதெல்லாம் பள்ளி நாளிலிருந்தே இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். திட்டு வாங்கியே வளர்ந்தவர்களுக்குப் பயமும் சேர்ந்துதான் இருக்கும்.

கல்லாவில் கழிக்காதீர்கள், கூட்டிக்கொண்டே போங்கள். 365 என்று சொல்லி 5 ரூபாய் வையுங்கள், 370. மூன்று பத்து வையுங்கள், 400. ஒரு நூறு, 500. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாங்குபவர் கண் முன்னால் வையுங்கள்.

ஒன்று முக்கியம். நேற்றுவரை கணக்குப் பார்த்தவருக்குத் திடீரென்று வராமல் போனால் அது வேறு விஷயம். பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஐயா காலத்திலிருந்து வட்டிக்கடைக் குடும்பம். எனக்கு மட்டும் ஏன் இப்படி? அப்பச்சி (அப்பா) இன்னமும் “சோம்பேறி” என்கிறார். (காரைக்குடி)

சோம்பேறித்தனம் இல்லை. பொது அறிவுத்திறன் சரியாக இருந்தும் கணக்கு மட்டும் வராமல் போகிறது என்பதை லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற உளவியலாளர் 1974-லேயே விளக்கி எழுதிவிட்டார். எது அதிகம், எது குறைவு என்று உணர்வதில் மூளையின் பக்கவாட்டு மேல்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. டிஸ்கால்குலியா உள்ளவர்களுக்கு அந்த இடம் வேறு மாதிரி வேலை செய்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் வகுப்பிலேயே இன்னொருவர் வாய் திறக்காமல் இருந்திருப்பார். அப்பச்சியிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளையை அடித்துக் கணக்கு வரவைத்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

பலகாரம் செய்து விற்கிறேன். ஆர்டர் பெரிதானால் அளவைப் பெருக்க வரவில்லை. (கானாடுகாத்தான்)

வெள்ளைப் பணியாரத்துக்கு நம் ஆச்சிமார்கள் அளக்கிற முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து. இதில் எண்ணே இல்லை, கண்ணும் கையும்தான். ஆர்டர் பெரிதானால் பெருக்க வேண்டாம். அதே உழக்கால் அதே மாதிரி இன்னொரு முறை அள்ளிப் போடுங்கள், ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் எடுத்து வையுங்கள். நடுவில் போன் வந்தாலும் எத்தனை போட்டோம் என்று தவிக்க வேண்டாம்.

ரெண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினேன். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தொகை கேட்கிறார்கள். (கோட்டையூர்)

ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். லட்சத்துக்கு மாதம் 2,000, வருடத்துக்கு 24,000, அதாவது 24 சதவீதம். அசல் குறையாதவரை மாதம் 2,000-க்கு மேல் வட்டி வராது. அசலில் கொஞ்சம் கட்டினால் வட்டியும் குறைய வேண்டும். நம்பிக்கையான ஒருவரை வைத்து இதை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கணக்கு வராதவர் என்று தெரிந்துகொண்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாண வீட்டில் மொய் எழுதச் சொல்கிறார்கள்.

“பேரும் ஊரும் நான் எழுதுகிறேன், பணத்தை நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள்” என்று சொல்லிப் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். மொய் மேசையில் இரண்டு பேர் இருப்பது வழக்கம்தான்.

அரசு வேலைக்குச் சான்றிதழ் கிடைக்குமா? (திருப்பத்தூர்)

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்கால்குலியா அதில் அடங்கும். இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். பள்ளி மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

என் மனைவிக்கு இது இருக்கிறது. நான் என்ன செய்யலாம்? (புதுவயல்)

“இதுகூடத் தெரியாதா” என்ற வார்த்தையை வீட்டில் நிறுத்துங்கள். பணம் அனுப்பும்போது தொகையை அவர் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கட்டும், நீங்கள் கேட்டு ஆமாம் சொல்லுங்கள். ஒரு சைபர் கூடிப்போவது அங்கேயே பிடிபடும். போனை வாங்கி நீங்களே அனுப்பிவிடாதீர்கள். பால், மளிகை, சீட்டு மூன்றுக்கும் தனித்தனிக் கவரில் மாதத் தொடக்கத்திலேயே பணம் போட்டு வைத்தால் பாதிக் கூட்டல் கழித்தல் தேவைப்படாது. அந்தக் கவர்கள் அவர் கையிலேயே இருக்கட்டும்.