எடை மாறாத புரதத்தின் உருமாற்றம் ஒலியலை உணரிக்கு எப்படித் தெரிகிறது?

"ஒலியலை உணரி எடையைத்தானே அளக்கிறது? புரதம் வடிவம் மாறினால் எடை மாறாதே!" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரதத்தின் எடை மாறாது, சரிதான். ஆனால் அதிரும் படிகத்தின் மேல் புரதத்தைப் பதித்து அளக்கும் இந்த உணரி, புரதத்தை மட்டும் நிறுப்பதில்லை. அதனுள்ளும் அதைச் சுற்றியும் சிக்கி, அதனுடன் சேர்ந்து அசைகிற தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறது. வடிவம் மாறினால் அப்படிச் சிக்கிய தண்ணீரின் அளவும் மாறலாம்; விஷயமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

ஒரு புரதம் இன்னொன்றோடு ஒட்டும் பிணைப்பை அளப்பது எளிது. 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் தங்கப் பூச்சில் ஒரு புரதத்தைப் பதித்துவிட்டு, அதன் மேல் இன்னொன்றை ஓடவிடுகிறோம். அது ஒட்ட ஒட்ட அதிர்வெண் இறங்கும். 1959-இல் வந்த சாவர்பிரே சமன்பாட்டின்படி, 1 ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சாயம் எதுவும் ஒட்டத் தேவையில்லை. ஆனால் படலம் விறைப்பாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். புரதப் படலமோ பெரும்பாலும் கொழகொழவென்றிருக்கும்.

அதனால் படிகத்தை அதிரவைக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்றும் பார்க்கிறார்கள். சீக்கிரம் அடங்கினால் ஆற்றல் இழப்பு அதிகம், அதாவது படலம் தளர்வாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம், கடல் மட்டி பாறையில் ஒட்டிக்கொள்ளச் சுரக்கும் பசைப் புரதம். அந்தப் படலத்தில் சோடியம் பெர்அயோடேட் சேர்த்தால் குறுக்குப் பிணைப்புகள் உருவாகும். உடனே அதிர்வெண் ஏறும், ஆற்றல் இழப்பு குறையும். பார்த்தால் புரதம் கழன்றுவிட்டதுபோல் தோன்றும். ஒளியியல் முறையில் பார்த்தால் புரதம் அங்கேயே இருக்கிறது! வெளியேறியது தண்ணீர், படலம் சுருங்கி இறுகிவிட்டது. ஆகவே முடிந்தால் எஸ்பிஆர் (மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு) போன்ற ஒளியியல் அளவீட்டையும் கூடவே எடுங்கள்.

எந்தச் சுருள் எங்கே மடங்கியது என்றெல்லாம் இதில் தெரியாது. அதற்கு என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), எக்ஸ்-கதிர் போன்றவைதான் வேண்டும். அப்புறம் ஒன்று. கால்சியம் சேர்ந்தால் வடிவம் மாறும் கால்மோடுலின் என்ற புரதத்துக்குக் கால்சியம் கொடுத்துப் பார்ப்பதுபோல் கரைசலை மாற்றும்போது, அதன் அடர்த்தியும் பாகுத்தன்மையும் மாறினாலே அதிர்வெண் நகரும். அதே கரைசலை, கால்சியத்தோடு சேராத வேறொரு புரதம் பதித்த படிகத்திலும் ஓடவிட்டு, அங்கே வரும் மாற்றத்தைக் கழித்த பிறகுதான் உருமாற்றம் என்று பேச வேண்டும்.