பிடிக்காத பைப் புகையிலை: வைத்திருப்பதா, விற்பதா?

கேள்வி: சிகாகோ புறநகரில் இருக்கிறேன். 2016-ல் பைப் பிடிக்கப் பழகினேன். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. புது விதி கொண்டுவருகிறது, பாதிக் கலவைகள் கடையிலிருந்தே போய்விடும் என்று ஆளாளுக்கு வாங்கிக் குவித்த நேரம் அது. நானும் டின் 12 டாலர் வீதம் 28 டின் வாங்கிப் போட்டேன். மெக்லெலண்ட் கம்பெனியின் வர்ஜீனியா 6 டின், டன்ஹில் பெயரில் வந்த நைட்கேப் கலவை 4 டின், மற்ற 18-ம் ஒரே வகை, லட்டாக்கியா என்ற இலை கலந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. வகைக்கு ஒரு டின் திறந்து பார்த்ததில் மெக்லெலண்ட் தக்காளி கெச்சப் வாடை, மற்ற இரண்டும் விறகடுப்புப் புகை. எதுவும் ஒத்துவரவில்லை. "சும்மா கிடக்கட்டும், விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்கிறார் நண்பர். வைத்திருக்கலாமா?

பதில்: 28 டின்னையும் ஒரே சரக்காகப் பார்க்காதீர்கள். உங்கள் அலமாரியில் மூன்று வேறு வேறு கதைகள் இருக்கின்றன.

முதலில் அந்த 18. கடைக்குப் போனால் இன்றைக்கே புது டின் கிடைக்கும் என்றால், உங்களிடம் பழையதை அதிக விலைக்கு வாங்க யாருக்கும் அவசரம் இல்லை. பழசாவதால் ருசி கூடும் என்ற பேச்சும் எல்லாப் புகையிலைக்கும் பொருந்தாது. வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம். வருடங்கள் போகப் போக அது மெல்லப் பக்குவப்படும். லட்டாக்கியா அப்படியல்ல. நெருப்பு மூட்டிப் புகையில் பதப்படுத்தும் இலை அது. நாளாக ஆக அந்தப் புகை மணம் மழுங்கும். அதை விரும்பி வாங்குகிறவர் அந்த மணத்துக்காகத்தான் வாங்குகிறார்.

சரி, நல்ல விலையே கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 12 டாலர் டின் 20 டாலருக்குப் போகிறது. தபாலும் அட்டைப்பெட்டியும் 5 டாலர். கையில் நிற்பது 15. ஒன்பது வருடத்துக்கு இது ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். அந்த ஒன்பது வருடத்தில் அமெரிக்க விலைவாசி ஏறியதே இதைவிட அதிகம். அதே 336 டாலரை அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிப் பங்குகளைப் பின்தொடரும் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் மூன்று மடங்காகியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இந்த 18 டின்னுக்கு அப்படியே பொருந்தும். மொத்தமாக ஒரே ஆளுக்கு, கடை விலையைவிடக் குறைத்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பைப் பிடிக்கிற வேறு யாரிடமாவது உங்களுக்குப் பிடித்த கலவையாக மாற்றிக்கொள்ளுங்கள். டின்னுக்கு டின் நேரில் மாற்றினால் தபால் செலவும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தச் சரக்குக்கு அதுதான் சிறந்த விலை.

டன்ஹில் நான்கும் பார்வைக்குப் பொக்கிஷம் மாதிரி இருக்கும். அந்தப் பெயரில் பைப் புகையிலை வருவது 2018-ல் நின்றது, விலையும் எகிறியது. ஆனால் மறுவருடமே அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பெயரில் திரும்ப வந்துவிட்டன. நைட்கேப் இன்றும் நைட்கேப் என்றே விற்கிறது. ஆக உங்களிடம் அரிதாக இருப்பது டின்மேல் உள்ள பெயர்தான். உள்ளே இருப்பதோ லட்டாக்கியா கலவை, வயது அதற்குப் பெரிய லாபம் இல்லை. பெயருக்குக் காசு கொடுக்கிற ஆள் இருக்கும்போதே மூடிய மூன்றையும் கொடுத்துவிடுங்கள். "நின்றுபோன சரக்கு, விலை ஏறும்" என்று எதை வாங்கினாலும் இந்த ஆபத்து உண்டு. நிறுத்தியவர்களோ, அந்த உரிமையை வாங்கியவர்களோ மறுபடி தயாரிக்கத் தொடங்கினால் உங்கள் கணக்கு கவிழ்ந்துவிடும்.

உண்மையான பணம் மெக்லெலண்டில் இருக்கிறது. கன்சாஸ் சிட்டி கம்பெனி அது, 2018-ல் மூடிவிட்டார்கள். உங்களுக்கு முகம் சுளிக்க வைத்த அந்தக் கெச்சப் வாடைக்காகத்தான் இன்று போட்ட விலைக்குப் பல மடங்கு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியா என்பதால் வயதும் உங்கள் பக்கம்.

அப்படியானால் இன்னும் பத்து வருடம் வைக்கலாமே என்பீர்கள். நான் வைக்க மாட்டேன். கம்பெனி மூடியதால் வந்த ஏற்றம் வந்து முடிந்த விஷயம். இனி அப்படி ஒரு தாவல் வரக் காரணம் இல்லை. வாங்குகிறவர்களோ சின்னக் கூட்டம், அதிலும் வயதானவர்கள் அதிகம். இதற்கெல்லாம் மேலே, டின் என்பது தகரம்தான். உள்ளே ஈரமான, புளிப்பேறிய இலை. வருடக்கணக்கில் உட்புறமிருந்து துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், இலை காய்ந்து சருகாகிவிடும். அது நடந்தது கடைசியில் திறக்கிறவருக்குத்தான் தெரியும். இன்றைக்கே மூடியிருக்கும் ஐந்து மெக்லெலண்ட் டின்னையும் எடுத்து அடிப்பக்கத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். காதோரம் வைத்து மெல்லக் குலுக்குங்கள். சரசரவென்று உலர்ந்த சத்தம் வந்தால் அதைத் தனியாக வைத்து, வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டே விற்க வேண்டும்.

விற்கும் முன் ஒன்று. திறந்த டின்னில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் உலர விட்டு, அவசரமில்லாமல் இழுத்துப் பார்த்தீர்களா? டின்னிலிருந்து வரும் புகையிலை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். நாக்கு எரிவதற்கு அதுவே பாதிக் காரணம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பேச்சே இல்லை. காசு போட்டோமே என்று பிடிக்காததைப் புகைத்துத் தீர்ப்பது மட்டும் வேண்டாம். பணமும் போய் உடம்பும் கெடும். பைப்பையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது, மொத்தத்தையும் தள்ளிவிடுங்கள். திறந்த மூன்று டின்களுக்குக் காசு எதிர்பார்க்காதீர்கள். ஜாடியில் போட்டு நண்பருக்கே கொடுங்கள், அவருக்குத்தான் இதில் நம்பிக்கை இருக்கிறதே.

எங்கே விற்பது? ஈபேயில் புகையிலைக்கு இடமில்லை, ஃபேஸ்புக்கிலும் தனியார் விற்பனைக்குத் தடை. பழைய டின்களைக் கமிஷனுக்கு விற்றுத்தரும் பைப் கடைகள் இருக்கின்றன. மெக்லெலண்டுக்கு அது சரியான வழி, கமிஷன் போனாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்ப்பக்கமே வசந்த காலத்தில் பெரிய பைப் கண்காட்சி நடக்கிறது. கையில் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஆட்கள் அங்கே வருவார்கள். யாருக்குக் கொடுத்தாலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். நேரடியாக விற்க உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இல்லினாய் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் ஒரு ஓரவஞ்சனை உண்டு: மெக்லெலண்டில் வரும் லாபம் வருமானக் கணக்கில் ஏறும், சொந்த உபயோகத்துக்கு வாங்கிய அந்த 18-ல் வரும் நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். வாங்கிய விலைக்கு ஆதாரமாக 2016 பில் ஏதாவது மின்னஞ்சலில் கிடக்கிறதா என்று தேடி எடுத்து வையுங்கள்.