மூன்றரை முழத்துக்குக் கணக்குச் சொல்லும் பையன்

கேள்வி: நாங்கள் பூக்கடை வைத்திருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. போன மாதம் ஒரு சென்டரில் அவனுடைய பத்து விரல் ரேகையையும் எடுத்து ரிப்போர்ட் கொடுத்தார்கள். உடல் சார்ந்த அறிவு அதிகம், கணக்கு அறிவு குறைவு, இவன் படித்துக் கற்கிற வகையில்லை, செய்து கற்கிற வகை என்று போட்டிருக்கிறது. நாலாயிரம் ரூபாய் கட்டினோம். அன்றிலிருந்து, “எனக்குத்தான் கணக்கு வராதே” என்று புத்தகத்தைத் தொட மறுக்கிறான். ஆனால் கடையில் நின்றால், மூன்றரை முழம் எவ்வளவு என்று கேட்டதும் விலையைச் சொல்லிவிடுகிறான். எதை நம்புவது?
– ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: கடையில் உங்கள் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள் சகோதரி. ரிப்போர்ட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

விரல் ரேகை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது. அப்புறம் ஆயுசுக்கும் அதன் வடிவம் மாறாது. உங்கள் மகன் கடையில் கற்றுக்கொண்ட கணக்கு அதில் எப்படித் தெரியும்? ரேகையைப் பார்த்து அறிவை அளக்கலாம் என்பதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் மட்டும் பெரிய இடத்திலிருந்து வந்தவை. அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல், அறிவு ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை, உடல் இயக்கம் என்று ஏழு வகை உண்டு என்று எழுதினார். பின்னாளில் இயற்கையை அறியும் அறிவையும் சேர்த்தார். அவை தனித்தனி அறிவுகள்தானா என்பதில் உளவியலாளர்கள் பலருக்கு உடன்பாடில்லை. அது இருக்கட்டும். தான் சொன்ன அறிவு வகைகள் வேறு, ஒருவர் படித்துக் கற்பவர், இன்னொருவர் செய்து கற்பவர் என்று பிரிக்கும் ‘கற்கும் பாணி’ என்கிற பேச்சு வேறு என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார். 2008-ல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பிள்ளையின் ‘பாணி’க்குத் தக்கபடி பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கும் என்பதற்குப் போதுமான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் மகனை மாதிரிப் பிள்ளைகளை பிரேசில் நாட்டில், ரெசிஃபி நகரத்துச் சந்தையில் பார்த்திருக்கிறார்கள். 1985-ல் வெளியான ஆய்வு அது. தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி விலை கேட்டார்கள். 100-க்கு 98 சரி. பிறகு அதே பிள்ளைகளை உட்காரவைத்து, அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். 37-தான் சரி.

ஒரு தேங்காய் 35, நாலு தேங்காய் எவ்வளவு? “மூணுக்கு 105, அதோட 30 சேர்த்தா 135, ஒரு தேங்காய் 35… ஆக 140” என்று வாயாலேயே சொன்ன பிள்ளை, 35-ஐ நாலால் பெருக்கு என்று தாளைக் கொடுத்ததும் இப்படிப் போட்டது: நாலஞ்சு இருபது, பூஜ்யத்தைப் போட்டு ரெண்டு மிச்சம், ரெண்டும் மூணும் அஞ்சு, நாலஞ்சு இருபது. விடை 200! கடையில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளை 200 கேட்டிருக்குமா?

உங்கள் மகனிடமும் கணக்கு இருக்கிறது. அவன் வாயில் இருப்பது நோட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முழம் 40 என்றால் மூன்றரைக்கு 140 என்று எப்படிச் சொன்னான் என்று அவனையே கேளுங்கள். “மூணுக்கு 120, அரைக்கு 20” என்பான். அதை அவன் சொன்னபடியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் கீழேயே, மூன்றரை என்றால் ஏழு அரை, அதைத்தான் புத்தகத்தில் 7/2 என்று போட்டிருக்கிறார்கள் என்று காட்டுங்கள். உங்களுக்குச் சொல்ல வராவிட்டால் அந்த நோட்டை அவன் கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்னத்தை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. போட்ட கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து மறுபடி போடுவது நல்லது. 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், பாடத்தை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் மனதில் நின்றிருந்தது. இன்று போட்டதை நாளைக்கு ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை போடச் சொல்லுங்கள். தப்பு வரும். வரட்டும், திட்டாதீர்கள்.

எனக்கு மனசு கனத்தது அந்த ‘வராதே’யைப் படித்தபோதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, யாரோ அச்சடித்துக் கொடுத்த தாளை நம்பி அதைச் சொல்லியிருக்கிறான். “அந்த ரிப்போர்ட் தப்பு கண்ணு, அம்மாதான் தெரியாம நம்பிட்டேன்” என்று இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். போன பணத்துக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

அப்புறம், சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் இதைக் கேளுங்கள்: மல்லிகை முழம் 60, இரண்டேகால் முழம் எவ்வளவு? 135 என்று சொன்னதும் பேனாவைக் கையில் கொடுங்கள்.