நாட்டுக்கோழி: விதைக்கு எது, கறிக்கு எது? – கேள்வி பதில்

ஐயா, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ரகத்தில் 30 உருப்படி இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கான விதைச்சேவலை எப்படிப் பொறுக்குவது? (காங்கேயம்)

முதலில் நல்ல சேவலை விற்பதை நிறுத்துங்கள். பண்டிகைக்கு எடையான சேவலெல்லாம் சந்தைக்குப் போய்விடுகிறது. மிஞ்சிய நோஞ்சான்தான் அடுத்த ஈட்டுக்குத் தகப்பன். பல பண்ணைகளில் கோழி வருடாவருடம் சிறுத்துப்போக இதுதான் காரணம்.

இரண்டு முறை பொறுக்க வேண்டும். 12 வாரத்தில், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை மட்டும் எடைபோட்டு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் பொரித்ததைச் சேர்த்தால் கணக்கு தப்பும். மேலே வந்தவற்றின் காலில் வளையம் போட்டுவிடுங்கள். 6 மாதத்தில் மறுபடி பாருங்கள்: நெஞ்செலும்பு நேராக, கால்விரல் கோணாமல், கண் தெளிவாக, நடை அகலமாக இருக்க வேண்டும். எடையை மட்டும் பார்த்துத் தாயை விட்டுவிடாதீர்கள். 12 முட்டை வைத்து 10 பொரித்து, அத்தனையையும் வளர்த்துக் கரைசேர்த்த பெட்டையின் மகனாக இருந்தால் அதற்கே முதலிடம். சிறுவிடையின் பெருமையே அந்தத் தாய்மைதான். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

ஒரே சேவலை நான்கு வருடமாக வைத்திருக்கிறோம். கரு பிடிக்காத கூமுட்டை அதிகமாகிறது, அண்ணே. (மணப்பாறை)

சேவலுக்கு வயதும் ஆகிவிட்டது, தன் மகள்களோடும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கோழிகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். பெட்டைக்குஞ்சு வளர்ந்ததும் தாய்க் கூட்டத்திலேயே இருக்கட்டும். சேவல் மட்டும் இடம் மாறட்டும்: முதல் கூட்டத்து மகன் இரண்டாவதற்கு, இரண்டாவதன் மகன் மூன்றாவதற்கு, மூன்றாவதன் மகன் முதலுக்கு. வருடம் ஒருமுறை இப்படி மாற்றினால் வெளியிலிருந்து சேவல் வாங்காமலே பல வருடம் ஓட்டலாம்.

பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதனால் சேவல் மாற்றிய முதல் மூன்று வார முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுங்கள், அடைக்கு வைக்காதீர்கள். அடைமுட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாகவும் கூடாது. அடைக்கு வைத்த 7ஆம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல நரம்பு ஓடாததை எடுத்துவிடலாம்.

முட்டையிடும் பெட்டைக்குத் தீவனக் கலவை சொல்லுங்கள்.

100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளமும் கம்பும் சேர்த்து 55, அரிசித் தவிடு 15, சோயாப் புண்ணாக்கு 12, கடலைப் புண்ணாக்கு 5, கருவாட்டுத் தூள் 4, கிளிஞ்சல் 7, தாது உப்புக் கலவை 2 கிலோ. புரதம் ஏறக்குறைய 16 சதவீதம் வரும். கருவாடு உப்பில்லாததாக இருக்கட்டும். உப்புக் கருவாடு போட்டால் தண்ணீர் அதிகம் குடித்துக் கழிச்சல் தண்ணீராகப் போகும், தரை ஈரமாகும், அதிலிருந்து ரத்தக்கழிச்சல் கிளம்பும். பூஞ்சை வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கைத் தொடவே வேண்டாம். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

இதையே குஞ்சுக்கும் போடலாமா?

கூடாது. கிளிஞ்சல் சேர்ந்த தீவனம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முதல் 8 வாரம் 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். பிறகு முட்டையிடும்வரை மேற்சொன்ன கலவையில் கிளிஞ்சலை விட்டு அந்த இடத்தில் தவிடு. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பெரணி நல்லதுதான், ஆனால் பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் நம்பினால் குஞ்சு வளராது.

கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் ஜோடியில் சில குஞ்சுக்குக் கழுத்தில் இறகு வருகிறதே, கலப்படமா?

இல்லை. கழுத்தின் முன்பக்கம் சிறு இறகுக்கொத்து இருப்பவை அந்த வெறுங்கழுத்துக் குணத்தைத் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்று ஒற்றையாகச் சுமப்பவை. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒன்று சாதாரணக் கழுத்தோடு பொரிக்கும். கொத்தில்லாமல் முழுதும் வெறுங்கழுத்தாக இருப்பதை விதைக்கு வையுங்கள்.

கறிக்குரிய சேவல்களை எப்போது பிரிப்பது? (பொள்ளாச்சி)

10 முதல் 12 வாரத்துக்குள். தாமதித்தால் ஒன்றையொன்று கொத்தியே சதை கரையும். 4, 5 மாதத்தில் கறிக்கு எடுத்தால் ருசியும் இருக்கும், வேகவும் வேகும். கடைசி ஒரு மாதம் மக்காச்சோளத்தைக் கூட்டுங்கள், தோல் மஞ்சளாகும். அறுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கருவாட்டை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கறியில் மீன் வாடை தங்கும். முந்தின இரவு தீவனம் வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு என்ன மருந்து?

வந்தபின் மருந்தில்லை. தடுப்பு மருந்துதான் வழி: குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு, 8ஆம் வாரத்தில் ஆர்2பி தடுப்பூசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கிவிடுங்கள். புழு இருந்தால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது.